கூண்டு வண்டியும் கைப்பிடிச்சுவரும்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், திருவொற்றியூரில் வசிக்கும் நம் சபைச் சகோதரர் ஒருவர், "ஐயா, வீட்டுக்கு வந்து வண்டிக்கு ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போக வேண்டும்" என்று என்னை அழைத்தார். அவருடைய தெருமுனையில் பழைய வேன் ஒன்று நின்றது. முகப்பில் சாமந்தி மாலை. பின்கண்ணாடியில் ஒரு திருவசனம். தெருவார் எல்லாருக்குமாகத் தட்டுகளில் கேசரி. ஆனால் அன்று நான் பிரதிஷ்டை ஜெபம் செய்யாமல் திரும்பினேன். அது உங்களில் பலருக்கு மனவருத்தமாயிருந்தது என்பதை அறிவேன். "மாலை போட்டதாலா?", "கடன் வாங்கி வாங்கினதாலா?" என்று காரணங்களும் பரவின. இரண்டுமல்ல. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வண்டி எதற்காக என்று அறியுங்கள். சகோதரருடைய தாயாருக்கு வயது 81. மெஞ்ஞானபுரத்துப் பக்கத்தில் பிறந்து, திருமணமாகி ராயபுரத்துக்கு வந்தவர். கண்மூடுவதற்குமுன் ஒருமுறை தாம் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தில் உட்கார்ந்து அசன விருந்தில் ஒரு பிடி சோறு உண்ண வேண்டும் என்பது அவருடைய ஆசை. முழங்கால் மடங்காது; பேருந்துப் படியில் ஏற இயலாது; இரயிலில் இரவு நேரத்தில் கழிப்பறைக்குச் செல்வது அவருக்குப் பெரும் சோதனை. மகன் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வெல்டராக உழைத்து விருப்ப ஓய்வு பெற்றவர். அந்தப் பணத்தில் 12 பேர் அமரும் பழைய வேன் ஒன்றை வாங்கி, நான்கு மாதங்களாகத் தம் கையாலேயே அதை ஒரு சிறு வீடாக்கிக்கொண்டிருந்தார். கேரவன் என்றால் நம் பகுதியில் சினிமா நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி என்றே நினைக்கிறோம். அண்டை மாநிலமாகிய கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையையே அறிவித்தது. நம் சகோதரருக்கு அந்தக் கொள்கையும் தெரியாது, நடிகர்களின் வண்டியும் தெரியாது. தாயின் முழங்கால் மட்டுமே தெரியும்.

இப்படிப்பட்ட வண்டியை வேதாகமம் அறியும். ஆதியாகமம் 45-ஆம் அதிகாரத்தில் பார்வோனின் கட்டளைப்படி யோசேப்பு எகிப்திலிருந்து கானானுக்கு வண்டிகளை அனுப்புகிறான். அவை போருக்குப் போகிறவையல்ல. குழந்தைகளையும் பெண்களையும் முதிர்ந்த தகப்பனையும் ஏற்றிவர அனுப்பப்பட்டவை. மகன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தியைக் கேட்டபோது யாக்கோபு அதை நம்பவில்லை. வண்டிகளைக் கண்டபோதுதான் அவனுடைய ஆவி உயிர்த்தது. வார்த்தை செய்யாததை ஒரு வண்டி செய்தது! ஆகவே, சொந்தக் கையால் ஒரு வண்டியைக் குடும்பத்துக்கு ஏற்றதாக மாற்றுவதை நான் வீண்செலவு என்றோ உலக ஆடம்பரம் என்றோ சொல்லமாட்டேன்.

மேலும், அந்தக் கைத்திறனைக் குறித்து நமக்கு ஒரு நியாயமான பெருமை உண்டு. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது நம் ராயபுரத்திலிருந்து. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்து தொடங்கிய தொழில். 1948-இல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து பின்பு அசோக் லேலண்டான நிறுவனம் எண்ணூரை லாரிகளின் ஊராக்கியது. 1950-களில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் நம் திருவொற்றியூரில் வேர்பிடித்தது. உங்களில் எத்தனை பேருடைய தகப்பன்மார் அங்கே ஃபிட்டராகவும் டர்னராகவும் மோல்டராகவும் இருந்தார்கள்! அந்தச் சகோதரர் வேனுக்குள் போட்டிருந்த இரும்புச் சட்டத்தின் வெல்டிங் கோடு நூல் பிடித்தாற்போல் நேராயிருந்தது. எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு இரும்பை என்ன செய்யும் என்று அறிந்தவராதலால், துளையிட்ட ஒவ்வோர் இடத்திலும் ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சுப் பூசியிருந்தார். பெசலெயேலுக்கு ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய ஞானத்தை அருளின தேவனே இந்தக் கையையும் பழக்கினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் ஏன் ஜெபிக்கவில்லை?

உள்ளே ஏறிப் பார்த்தேன். தாயார் படுத்துக்கொண்டே பயணம் செய்வதற்காக, வண்டியோடு வந்த இருக்கைகளில் பாதியைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டில் போடப்பட்டிருந்தது. கட்டிலின்கீழ் வீட்டு உபயோகச் சமையல் எரிவாயு உருளை ஒன்று, நைலான் கயிற்றால் கட்டியபடி. கூரையின்மேல் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது பேட்டரியிலிருந்து வந்த ஒயர், ரப்பர் வளையம் இல்லாமல் தகரத் துளையின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. வண்டியின் அவசரகால வழியாகிய பின்கதவுக்குக் குறுக்கே அழகான ஓர் அலமாரி.

பிரியமானவர்களே, உங்களில் அநேகர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறீர்கள். கண்டெய்னரின் நான்கு மூலைகளிலும் ட்விஸ்ட் லாக் விழுந்ததா என்று பாராமல் உங்களில் ஒருவரும் கேட்டைத் தாண்டமாட்டீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது யாரோ ஒருவருடைய சரக்கு. அந்நியனுடைய சரக்கை நான்கு பூட்டால் பூட்டும் நாம், சொந்தத் தாயையும் எரிவாயு உருளையையும் நைலான் கயிற்றுக்கு ஒப்புக்கொடுக்கிறோம். அன்று என்னை ஜெபிக்கவிடாமல் தடுத்தது இந்த முரண்பாடே.

எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தை நாம் அவசரமாக வாசித்துக் கடந்துவிடுவதுண்டு. காணிக்கைப் பட்டியல் நீளமாயிருப்பதால் வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் கொட்டாவி வரும். அதன் தொடக்கத்தில் இஸ்ரவேலின் பிரபுக்கள் 6 கூண்டு வண்டிகளையும் 12 மாடுகளையும் கொண்டுவருகிறார்கள். லேவியரின் பிரிவுகளோ மூன்று. ஆளுக்கு இரண்டு வண்டி என்று பகிர்ந்திருந்தால் சண்டை இராது. மோசே அப்படிச் செய்யவில்லை. திரைகளையும் மூடுதுணிகளையும் சுமந்த கெர்சோன் புத்திரருக்கு 2 வண்டிகளும் 4 மாடுகளும். பலகைகளையும் தூண்களையும் பாதங்களையும் சுமந்த மெராரி புத்திரருக்கு 4 வண்டிகளும் 8 மாடுகளும். பரிசுத்தமானவற்றைத் தோளில் சுமக்க வேண்டிய கோகாத் புத்திரருக்கு ஒன்றுமில்லை. துணிக்கு இரண்டு, மரத்துக்கும் உலோகத்துக்கும் நான்கு. தேவனுடைய கூடாரம் நகரும்போதே எடை பார்த்துத்தான் வண்டி கொடுக்கப்பட்டது. நம் வீட்டு வண்டிக்கு எடை பார்க்க வேண்டாமோ?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர்த் தொட்டி நிறைந்தால், நல்ல சரீரமுள்ள மூன்று ஆண்களைக் கூரைமேல் நிற்கவைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்குச் சமம். எடை மேலே ஏற ஏற, வளைவில் வண்டி சாயும் நாட்டம் கூடும். பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் அலைமோதி அந்தச் சாய்வை இன்னும் தள்ளும். தண்ணீர் எடுத்துச் செல்வதானால் சிறு கேன்களில், தரைமட்டத்தில், சக்கரங்களுக்கு இடையே இறுகக் கட்டிவைக்க வேண்டும். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் வெற்று வண்டியின் எடை என்றும் மொத்த எடை என்றும் இரண்டு எண்கள் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே மனிதருக்கும் மூட்டைக்கும் நீங்கள் சேர்த்த கட்டில் அலமாரிகளுக்கும் கிடைத்திருக்கிற அளவு. எண்ணூர் நெடுஞ்சாலையில் எடைமேடைகளுக்குப் பஞ்சமில்லை. குடும்பத்தோடு ஏறி, தொட்டியை நிரப்பி, ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நம் சகோதரர் பின்னர் அப்படியே செய்தார்; சீட்டு கைக்கு வந்தபோது, வண்டி அனுமதித்த எடையைத் தாண்டி நின்றது.

உருளையைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை இரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த தனியார் சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து புண்ணியத் தலங்களைத் தரிசிக்க வந்தவர்கள். 9 பேர் மாண்டார்கள். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையே காரணம் என்று இரயில்வே அறிவித்தது. அவர்களுடைய மார்க்கம் வேறு. ஆனாலும் அவர்கள் செய்ய விரும்பியது என்ன? நெடுந்தூரப் பயணத்தில் தங்கள் பெரியவர்களுக்கு விடியற்காலையில் சூடாக ஏதேனும் கொடுக்க வேண்டும் என்பதே. நம் சகோதரர் உருளையை வைத்ததும் அதே அன்பினால்தான்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து சன்னல் வழியே போய்விடாது. தரையில் படிந்து, கட்டிலின் கீழே தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். மேலே சன்னல் திறந்திருப்பது அதற்குப் பெரிய தடையல்ல. 14.2 கிலோ எரிவாயு கொண்ட உருளை இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். சடுதியில் பிரேக் பிடித்தால் கயிறு அதைத் தடுத்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. குடும்பம் பயணம் செய்யும் வண்டிக்குள் அது வேண்டாம் என்பதே என் திட்டமான கருத்து. "அப்படியானால் மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கிறேன் ஐயா" என்றார். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில பேட்டரியில் அது கெடாமலிருக்கப் பாதியையே பயன்படுத்தலாம்; ஏறக்குறைய 600 வாட்-மணி. 20 வாட் மின்விசிறியும் 10 வாட் விளக்கும் அதில் 20 மணி நேரம் ஓடும். 1,800 வாட் அடுப்போ 20 நிமிடமும் தாங்காது. அதற்குள் 150 ஆம்பியர் அந்த ஒயரில் பாயும். மெல்லிய ஒயரில் அவ்வளவு பாய்ந்தால் ஒயரே அடுப்பாகிவிடும்! நம் பாட்டிமார் புளிச்சோறும் எண்ணெய் தடவிய இட்லியும் கட்டிக்கொண்டுதான் ஊருக்குப் போனார்கள். கட்டுச்சோற்றைவிடச் சிறந்த வண்டிச் சமையலறையை நான் இன்னும் காணவில்லை. சூடான காப்பிக்குச் சாலையோரக் கடைகள் இருக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்கட்டும். ஒயர் தகரத்தைக் கடக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிப்படுவதால், அதன் பெட்டிக்கு வண்டிக்கு வெளியே செல்லும் காற்றுவழி வேண்டும். வெயிலுக்காகக் கூரையில் தெர்மாகோல் ஒட்டுகிறவர்களே, அது எவ்வளவு எளிதில் தீப்பிடித்து உருகும் என்று ஒரு துண்டை வெட்டவெளியில் கொளுத்திப் பாருங்கள். தீயணைப்புக் கருவியை ஆழத்தில் அல்ல, வாசலருகே கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியப் போதிக்கிற நான் இதை மறைத்தால் மாய்மாலமாகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், மீறுகிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே கேள்வியாக எழுப்பும். ஆகவே வண்டியின் உடலை வெட்டுவதற்கும் இருக்கைகளை நிரந்தரமாக நீக்குவதற்கும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். திருகாணியைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும் என்ற அளவில் உங்கள் வேலையை வைத்துக்கொள்வது புத்தி. ஆசரிப்புக் கூடாரமும் கழற்றிக் கோர்க்கும் விதமாகவே செய்யப்பட்டது.

அன்று அந்தத் தெருவிலேயே ஒரு வாலிபர் என்னிடம், "ஐயா, ஜெபத்தோடு புறப்பட்டால் கர்த்தர் காக்கமாட்டாரா? இது அவிசுவாசம் அல்லவா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஏனென்றால் ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில் ஊழியம் செய்தபோது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சபை ஒரு வேன் வாங்கியது. இடம் போதவில்லை என்று இருக்கைகளுக்கு நடுவே ஒரு மர பெஞ்சைப் போட்டோம். பெல்ட் இல்லை, தரையோடு பிணைப்பும் இல்லை. நான் எண்ணெய் பூசி, கைகளை வைத்து, உரத்த சத்தமாய் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தேன். மூன்றாம் வாரத்தில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஓட்டுநர் பிரேக் பிடித்தார். பெஞ்சு நகர்ந்தது. 7 வயதுப் பிள்ளை ஒன்று முன்னிருக்கைக் கம்பியில் முகம் மோதிப் பற்களை இழந்தது. அதன் தகப்பன் என்னை ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேசியிருந்தால் இலகுவாயிருந்திருக்கும். "பிசாசின் தாக்குதல்" என்று சபையில் சிலர் சொன்னார்கள். இல்லை. அது நாங்கள் போட்ட பெஞ்சு. அந்தப் பெஞ்சை என் கண் கண்டது, என் வாய் ஆசீர்வதித்தது.

அதற்குப் பின்பே உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனம் என் கண்ணில் பட்டது. வேதாகமக் கல்லூரியில் அதைப் படித்து மதிப்பெண் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான். புது வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். கவனியுங்கள்: ஒருவரும் விழாதபடி ஜெபியுங்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. கல்லை எடுத்துச் சுவர் வையுங்கள் என்றே சொல்லப்பட்டது. தாவீதின் நாட்களில் உடன்படிக்கைப் பெட்டியைப் புது வண்டியில் ஏற்றினார்கள். கின்னரமும் கைத்தாளமும் முழங்கின. உள்ளங்களில் பக்திக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சுமை தோளுக்குரியது, வண்டிக்குரியதல்ல. மாடுகள் இடறின, ஊசா கைநீட்டினான், ஆரவாரம் அழுகையாயிற்று. வாலிபத் தம்பியே, உன் கேள்விக்கு என் பதில் இதுவே: தேவன் காப்பார் என்று நம்புகிறவன்தான் திருகாணியை இறுக்குவான். இறுக்காதவன் தேவனைப் பரீட்சை பார்க்கிறான்.

மூன்று வாரங்கள் சென்றன. சகோதரர் முதலில் வருத்தப்பட்டார்; ஒரு ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை. பிறகு ஒரு மாலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். தொட்டி இறங்கிவிட்டது. உருளை வீட்டுச் சமையலறைக்கே திரும்பிவிட்டது. அலமாரி பின்கதவைவிட்டு நகர்ந்து பாதியாகக் குறைந்தது. ஒயர்களை நம் சபையின் எலக்ட்ரீசியன் தம்பி இரண்டு நாள் இருந்து மாற்றிக் கொடுத்தார். எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது கட்டில். அந்தத் தாயார் படுத்துக்கொண்டு போவதற்காகத்தானே வண்டியே வாங்கப்பட்டது! ஓடும் வண்டியில் பெல்ட் இல்லாமல் படுத்திருக்கிற முதியவரை எதுவும் பிடித்துவைக்காது என்பதை மகன் அறிந்தார். தாயிடம் சொல்ல மனம் வரவில்லை. நானும் அவரோடு போய்ச் சொன்னேன். தாயார் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்போ ஒரே நாளில் போக வேண்டாம், நடுவில் நிறுத்தி நிறுத்திப் போவோம்" என்றார்.

அப்படியே தீர்மானமாயிற்று. கழற்றப்பட்ட இருக்கைகள் பெல்ட்டோடு திரும்ப வந்தன; அவற்றில் ஒன்று பின்பக்கம் சாய்வது. கட்டில் இப்போது மடக்குப் பலகை. வண்டி நின்ற பின்பே விரிக்கப்படும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி அரைமணி படுக்கை. இரவு திருச்சிராப்பள்ளியில் உறவினர் வீட்டில் தங்கல். மறுநாள் தெற்கே பயணம்.

வருகிற புதன்கிழமை மாலை 6 மணிக்கு அந்தத் தெருவில் பிரதிஷ்டை ஜெபம் நடக்கும். கேசரியும் உண்டு என்று சொல்லச் சொன்னார்கள். சொந்தமாக வண்டியை மாற்றிக்கொண்டிருக்கிற மற்ற இரண்டு குடும்பங்களும் தங்கள் வண்டிகளை ஆலய வளாகத்துக்குக் கொண்டுவாருங்கள், ஆர்.சி. புத்தகமும் எடைச்சீட்டும் கையில் இருக்கட்டும். ஜெபத்துக்கு முன் நான் உள்ளே ஏறி, கையால் அசைத்துப் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதிருங்கள்.

தாயார் தமக்கென்று ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: வலப்புறச் சன்னலோர இருக்கை. தெற்கே போகும்போது காலை வெயில் இடப்பக்கம் விழுமாம்.